ஏழாம் நம்பர் கட் ஷூவோடு பேரணாம்பட்டுக்கு

வேலூரிலிருந்து ஆம்பூர், அங்கிருந்து பேரணாம்பட்டு, திரும்பும்போது குடியாத்தம், பள்ளிகொண்டா வழியாக மறுபடியும் வேலூர். ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். எல்லாம் சேர்த்து நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் போனது தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் லேசான பனி, மதியம் தாங்கக்கூடிய வெயில். என் வயதுக்காரர்கள் போவதற்கு அதுதான் சரியான மாதம்.

ஊர் பார்ப்பதற்காக நான் போகவில்லை. அந்த வாரம் திங்கட்கிழமை மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் லூர்து நின்றிருந்தார். ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பஷீர் பாய் ஊரக் காலி பண்றாரு மாஸ்டர், தெரியுமா? வர்ற ஞாயித்துக்கெழம பெங்களூரு போறாரு, பொண்ணு வூட்டுக்கு. பேரணாம்பட்டு வூட்ட வித்தாச்சி."

பஷீர் பாயை நான் பார்த்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் அப்புறம் அந்த ஊரில் அவர் இருக்க மாட்டார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது அறுபத்தொன்பது. நாற்பது வருடம் ஷூவுக்குப் பேட்டர்ன் போட்டேன். ஒரு ஷூவின் மேல்பாகத்தைத் தோலில் வெட்டுவதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வரைந்து வெட்ட வேண்டும். அதுதான் பேட்டர்ன். கடைசி ஆறு வருடம் என் அடையாள அட்டையில் 'டிசைனர்' என்று போட்டிருந்தார்களாம். ஓய்வு பெற்று வெகுநாள் கழித்துத்தான் அதை நானே படித்தேன். எனக்கு எண்கள் தெரியும். அளவுகோல் தெரியும். அப்போது எழுத்து மட்டும் தெரியாது. மனைவி போன பிறகு சாயங்காலம் வீட்டில் இருக்க முடியவில்லை. தெருக்கோடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விளக்கு எரிகிற இடமாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் எழுத்து வந்துவிட்டது. இணையத்தில் இந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா திறந்து கொடுத்தது. இதை எழுதி முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு ஜோடி கட் ஷூ செய்தேன். கயிறு கட்டாமல் காலை நுழைத்துக்கொள்கிற ஷூவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீட்டுப் பின்கட்டில் பழைய தையல் மிஷினும் மரத்தில் செய்த கால் அச்சுகள் சிலவும் இருக்கின்றன. பஷீர் பாய்க்கு ஏழாம் நம்பர் என்பது என் கால் அளவைவிட நன்றாக எனக்கு ஞாபகம். தேன் நிறத்தில் மாட்டுத்தோல், உள்ளே ஆட்டுத்தோல். வாய்ப்பக்கம் முழுவதும் விளிம்பை மடித்துத் தைத்தேன். ஏன் மடித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். புதன்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது.

வியாழன் காலை ஏழு பத்துக்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும் என்று சொல்வார்கள். நான் வேண்டுமென்றே அங்கேதான் உட்கார்ந்தேன், பெயர்ப் பலகைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். இந்தச் சாலையில் என் வாழ்நாளில் ஆயிரம் முறையாவது போயிருப்பேன். பள்ளிகொண்டா என்றால் எனக்குச் சுங்கச்சாவடி, மாதனூர் என்றால் ஒரு புளியமரமும் டீக்கடையும். இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருக்கிறது. 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை. 'இங்கு பழைய டயர் வாங்கப்படும்' என்று ஒன்று. 'உள்ளே வரவும், பின்புறம் கடை உள்ளது' என்று ஒரு சுவரில். அதை எழுதியவர் என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

ஆம்பூர் வரும்போது மணி எட்டு இருபத்தைந்து. பேருந்திலிருந்து இறங்கினால் நான் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பேன். நாற்பது வருடப் பழக்கம். முன்பு இந்த ஊரில் ஷிப்டுக்குப் போகிறவர்களின் கால்களில் ரப்பர் செருப்புதான் இருக்கும். வெளிநாட்டுக்கு ஷூ செய்தவர்கள் ரப்பர் செருப்பில் நடந்தோம். இப்போது பெண்கள் பலர் பூப்போட்ட துணி ஷூ போட்டிருக்கிறார்கள், பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு. பேட்டர்ன் போட்டவன் பார்த்தால் அழுவான். ஆனால் நடை வேகமாக இருக்கிறது. காலுக்குச் சுகமாக இருந்தால்தான் நடை அப்படி வரும்.

ஆம்பூரில் பிரியாணி பதினொரு மணிக்குத்தான் சூடாக இறங்கும். அதற்கு முன்னால் போகிறவர்கள் இட்லி சாப்பிட்டுவிடுங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நான்கு இட்லியும் ஒரு வடையும் ஐம்பது ரூபாய், சாம்பார் கேட்டுக் கேட்டு ஊற்றுகிறார்கள். பிரியாணியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது அதோடு வைக்கிற கத்தரிக்காயைப் பற்றித்தான். புளியும் எள்ளும் அரைத்து, எண்ணெய் மிதக்க, நிறம் கிட்டத்தட்டப் பதப்படுத்திய தோல் நிறம். பிரியாணியின் வெளிறிய நிறத்துக்குப் பக்கத்தில் அந்த அடர்ந்த பழுப்பு. எந்த ஷூவுக்கு எந்த நிறத்தில் பட்டை வைப்பது என்று திணறிய நாட்களில் மதியச் சாப்பாட்டைப் பார்த்து நான் முடிவு செய்திருக்கிறேன். அந்தச் சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நானும் பஷீர் பாயும்.

இப்போது அதைச் சொல்ல வேண்டும்.

அவர் பேட்டர்ன் அறையில் செக்கர். நான் அட்டையில் வெட்டியதை அவர் அளந்து பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அது தோல் வெட்டும் பிரிவுக்குப் போகும். காலையில் ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும். எந்த மாடல், எந்தத் தோல், விளிம்பு எப்படி என்று எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது கம்பெனியில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த மறுநாளிலிருந்து தினமும் அந்தத் தாளை எடுத்து, தனக்குத்தானே புலம்புகிறவர்போல் சத்தமாகப் படிப்பார். "பாருய்யா, இன்னிக்கு லைனிங் மாத்திட்டானாம். பாருய்யா, பட்டைய அரை இஞ்சு ஏத்தணுமாம், பேஜாருடா சாமி." பக்கத்து மேசைக்காரர்கள் அவரை வாயாடி என்று நினைத்தார்கள். பதினான்கு வருடம் இப்படி எனக்காக வாயாடி என்று பெயர் வாங்கினார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ரம்ஜானுக்கு மூன்று நாள் விடுப்பில் போனார். வேலை நிற்கக் கூடாது என்று மூன்று சீட்டில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் அறையில் அது வழக்கம்தான், நம்பிக்கையான ஆளிடம் அப்படிச் செய்வார்கள். இரண்டாம் நாள் ஒரு தாள் வந்தது. மாதிரி ஷூ சென்னைக்குப் போயிருந்தது. படத்தைப் பார்த்தால் போன மாதம் செய்த அதே மாடல். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டால் என் குட்டு வெளிப்படும். பழைய மாதிரியே போட்டு, இழுப்பறைச் சீட்டை இணைத்து அனுப்பினேன்.

தாளில் விளிம்பை மடித்துத் தைக்கச் சொல்லியிருந்தது. மடிப்பதென்றால் பேட்டர்னில் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். பழைய மாடலில் விளிம்பை மடிக்காமல் வெட்டியபடியே விடுவோம், அதற்கு அது தேவையில்லை. நான் விடவில்லை. தையலில் மடித்தபோது குதிகால் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் குறைந்துபோய்விட்டது. போட்டு நடந்தால் கழன்றுவிடும். நானூறு ஜோடி. சீட்டில் இருந்தது பாய் கையெழுத்து. விடுப்பு முடிந்து வந்த அன்று அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்து, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனார். நான் மேசையில் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். மாதிரி ஷூ கையில் வராமல் பேட்டர்ன் போட மாட்டேன். ரொம்பக் கண்டிப்பான மாஸ்டர் என்று பெயர் வந்தது. சம்பளம்கூட ஏறியது.

பேரணாம்பட்டுப் பேருந்து ஒன்பது இருபதுக்கு. நெற்றிப் பலகையை நின்று படித்தேன். கீழே சின்ன எழுத்தில் வழி ஊர்களும் இருந்தன. கண்டக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரியவரே, ஏறலயா?"

"போர்டு படிச்சிக்கினு இருக்கேன்."

"படிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க, வண்டிய எடுக்கணும்."

"உமராபாத் வரிக்கும் வந்துட்டேன். இன்னும் ரெண்டு ஊர் பாக்கி."

"மீதிய உள்ள குந்திப் பாத்துக்கலாம், ஊரே வரும்" என்று என் பையை வாங்கி உள்ளே வைத்தார். டிக்கெட் இருபது ரூபாய். இருபது கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். உமராபாத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னையும் வாழையும், தூரத்தில் மலை. பேரணாம்பட்டை நெருங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். தோல் பதனிடுகிற இடங்களின் வாடை. புதிதாகப் போகிறவர்கள் கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேலைக்குப் போகிற காலையின் வாடை. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன். அந்த நாற்பத்தைந்து நிமிடமும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஊர் வந்தபோது அது நான்கு வாக்கியம் ஆகியிருந்தது.

பேருந்து நிலையத்தில் விசாரித்தால் போதும். 'வீடு காலி பண்ற பஷீர் பாய்' என்றதும் பழக்கடைக்காரர் பள்ளிவாசல் பக்கம் கை காட்டினார். ஏழு நிமிட நடை. சந்தில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கை ஒரு நொடி நிற்கவில்லை, கண் மட்டும் என் காலைப் பார்த்தது. இந்த ஊரிலும் முதலில் காலைத்தான் பார்க்கிறார்கள்.

கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டியவை பாதி, கட்டாதவை பாதி. நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. உடம்பு இளைத்து, கால் மட்டும் தடித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், வூடு பாக்க வந்தியா? வித்துட்டேன்."

"உங்களப் பாக்கத்தான் வந்தேன் பாய். நல்லா இருக்கீங்களா?"

"உங்களயா?" உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ, யாரோ மரியாதைக்காரரு வந்திருக்காரு, வந்து பாரு."

பாபி வந்தார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் பாபி என்றுதான் கூப்பிடுவோம். என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. "மாணிக்கம் அண்ணனா? அண்ணி நல்லா இருக்காங்களா?" என்றார். போய்விட்டாள் என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டார். நான்கு என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

ஷூவை வெளியே எடுத்துக் கொடுத்தேன். பாய் வாங்கியதும் பழைய செக்கர் ஆகிவிட்டார். தலைகீழாகத் திருப்பினார், வளைத்தார், முகர்ந்தார். விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று ஓட்டினார். பாதிச் சுற்றில் விரல் நின்றது.

"மடிச்சி தெச்சிருக்க."

"ஆமா பாய்."

"அஞ்சி மில்லி வுட்டியா?"

"வுட்டேன்."

அதற்குமேல் நான் தள்ளிப்போட முடியாது. பேருந்தில் தயார் செய்த நான்கு வாக்கியமும் மறந்துபோயின. "அன்னிக்கு எனக்குத் தாள் படிக்கத் தெரியல. பழைய மாதிரியே போட்டேன். உன் சீட்ட ஒட்டி அனுப்பிட்டேன். உன்ன உள்ள கூப்ட்டப்ப நான்தான் செஞ்சேன்னு எழுந்து சொல்லல. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே தெரியும். ஆபீஸ்ல அந்த அட்டய என் கையில குடுத்தான். பாத்தா தெரியாதா, எது உன் வெட்டு, எதுல என்னா கம்மின்னு? நான் சொல்லியிருந்தா உன்ன வெளிய அனுப்பிருப்பான். வேற கம்பெனில உனக்கு யாருய்யா தாள் படிப்பான்? எனக்குப் படிக்கத் தெரியும், எங்க வேணாலும் போவேன்." ஷூவைப் பெட்டிமேல் வைத்தார். "பதினஞ்சி நாள்ல இங்கயே தோல் மண்டியில வேலை கெடச்சிது. சம்பளம் அங்கத்த விட ஜாஸ்தி. வேலை போனது எனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

இருபத்தாறு வருடம் நான் தூக்கிச் சுமந்ததை அவர் இப்படி ஒரு ஓரமாக வைத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"நீ ஏன் வரல?"

கட்டாத ஒரு பெட்டியை இழுத்துக் கயிற்றைச் சுற்றினார்.

"அந்தப் பக்ரீதுக்கு வருவன்னு பாத்தேன். அடுத்த ரம்ஜானுக்குப் பாத்தேன். பொண்ணு கல்யாணத்துக்கு ஆள வுட்டுச் சொல்லி அனுப்பினேன், அப்பவும் வரல. ஆம்பூர்லேர்ந்து அப்ப நாலு ரூபா டிக்கெட்டு. சைக்கிள்லயே வரலாம்."

"வெக்கமா இருந்திச்சி பாய்."

"வெக்கம் ஒரு வருஷம் இருக்கும், சரி. ரெண்டு வருஷம் வெச்சுக்க. அதுக்கு மேல அதுக்குப் பேர் வெக்கம் இல்லய்யா." என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று பாபி சொல்லிவிட்டார். சோறு, பருப்பு போட்ட கறிக் குழம்பு, கத்தரிக்காய். பெட்டியில் போடாமல் வெளியே இருந்தது இரண்டு எவர்சில்வர் தட்டுதான். பாபி சற்று நின்று யோசித்தார். பிறகு கட்டி முடித்திருந்த ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். செய்தித்தாள் சுற்றி அடுக்கியிருந்ததிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தார். விருந்தாளிக்கு வைக்கிற தட்டு. அவர்கள் வீட்டு மரியாதை அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாய் எனக்கு எதிரே எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருந்தது. நான் அந்தத் தட்டின் பூவை மறைக்காமல் ஓரமாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டதும் ஷூவைப் போட்டுப் பார்த்தார். முன்பாதம் பாதிதான் நுழைந்தது. அழுத்தினார், போகவில்லை.

"ஏழு நம்பரா?"

"உன் நம்பர் ஏழுதான்."

"ஆயிரம் கால் பாத்தவன்யா நீ. வயசானா பாதம் அகலமாவும்னு தெரியாதா? எந்தக் காலுக்குச் செஞ்சிக்கினு வந்த?"

உள்ளேயிருந்து பாபியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வேலையில் சேர்கிற எவனுக்கும் முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம். நான் நாற்பத்தாறு வயது பஷீர் பாய்க்கு ஷூ செய்துகொண்டு போயிருக்கிறேன்.

ஒரு காலி அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துத் தரையில் போட்டேன். சட்டைப்பையில் பென்சில் இருந்தது, எப்போதும் இருக்கும். "கால வை" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். வைக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். மெதுவாக வலது காலை நடுவில் வைத்தார்.

"இந்தப் பக்கம் வீக்கம் இருக்குது பாரு. அத வுட்டுடாத, அதையும் சேத்து வரை."

பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரைந்தேன். பிறகு இடது கால். குனிந்தபடியே நூலால் பாதத்தின் சுற்றளவு எடுத்தேன். அந்த வீட்டில் நான் இருந்த நான்கு மணி நேரத்தில் எனக்குப் பழைய நாள் மாதிரி இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

இரண்டே காலுக்குக் கிளம்பினேன். வேண்டாம் என்றாலும் பேருந்து நிலையம் வரை வந்தார். ஏழு நிமிட நடை இருபது நிமிடம் ஆயிற்று. வழியில் பார்த்தவர்களிடம் என்னை "ஆம்பூர் ஆளு, கூட வேலை பாத்தவரு" என்று சொன்னார். தோஸ்த் என்று முன்பெல்லாம் சொல்வார். குடியாத்தம் பேருந்து நின்றது. படியில் ஏறித் திரும்பி, எல்லோரும் சொல்வதுபோல் நானும் சொன்னேன்.

"வர்றேன் பாய்."

"எங்க வருவ?" என்றார். "பூட்டியிருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வண்டி நகர்ந்ததும் கையைத் தூக்கினார்.

பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபத்திரண்டு ரூபாய். அங்கிருந்து பள்ளிகொண்டாவுக்கு அரை மணி, பதின்மூன்று ரூபாய். அந்தச் சாலையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், ஒரு பலகையும் படிக்கவில்லை.

பள்ளிகொண்டாவில் இறங்கிக் கோயிலுக்குப் போனேன். சாயங்காலம் நடை திறந்திருந்தது. ரங்கநாதர் படுத்திருக்கிறார், கூட்டம் இல்லாததால் நிதானமாகப் பார்க்கலாம். எனக்குக் கோயிலில் பிடித்த இடம் வாசல். செருப்பு விடுகிற இடம். ஒரு ஊரின் ரசனையை அங்கேதான் பார்க்க முடியும். அன்று இருபது ஜோடி இருந்தது. ஒரு ஜோடியில் பெருவிரல் பட்டை மூன்று முறை தைக்கப்பட்டு மூன்றும் வெவ்வேறு நிற நூல். அழகாக இருந்தது, வேண்டுமென்று செய்ததுபோல். பெரும்பாலானவை ஜோடி ஜோடியாக, புருஷன் செருப்புக்குப் பக்கத்தில் பெண்டாட்டி செருப்பு, அதன்மேல் சாய்ந்தபடி பிள்ளையின் செருப்பு. என்னுடையதைத் தள்ளி ஒரு ஓரத்தில் விட்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாக அங்கே போய்க் கழற்றியிருக்கிறது.

பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் இருபத்து மூன்று கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். ஆறே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன். பேருந்துக்கு மட்டும் நூற்று இருபத்தைந்து ரூபாய் ஆயிற்று.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆம்பூரில் காலை எட்டரைக்கு முன்னால் இறங்கினால் ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தைப் பார்க்கலாம். நல்ல தோல் ஷூ வாங்க ஆசைப்பட்டால் சாலையோரக் கடைகளில் கம்பெனி மிச்சம் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் இரண்டு ஷூவையும் முதுகோடு முதுகாக வைத்துக் குதிகால் உயரம் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வாய் விளிம்பு மடித்திருந்தால் விரலை ஓட்டுங்கள், வழியில் தட்டக் கூடாது. மாலையில் வாங்குங்கள், காலையில் கால் சிறியதாக இருக்கும். யாருக்காவது வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால், அவர் காலைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டுக்கு ஆம்பூரிலிருந்து அரை மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறது. அன்றும் இருந்தது, அதற்கு முந்தைய இருபத்தாறு வருடமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போயிருப்பார்கள். ஏழாம் நம்பரை என்னோடு எடுத்துவரவில்லை, பெட்டிமேல் வைத்தது வைத்தபடியே இருந்தது. பாபி அதை எந்தப் பெட்டியில் போட்டாரோ, அல்லது வீடு வாங்கியவர்களுக்கு விட்டுவிட்டாரோ தெரியாது. நான் புதிய அச்சு செதுக்கிக்கொண்டிருக்கிறேன். வலது காலுக்கு வீக்கத்தைச் சேர்த்து ஒன்று, இடதுக்கு வேறொன்று. மேல்தோலை மெதுவாக வெட்டுவேன். காட்பாடியிலிருந்து பெங்களூருக்குக் காலையில் ரயில் இருக்கிறதாம், நான்கு மணி நேரம். ஸ்டேஷனுக்கே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பாயின் இரண்டு பாதமும் மில்லிமீட்டர் சுத்தமாக என்னிடம் இருக்கின்றன. பெங்களூரில் எந்தத் தெரு என்று தெரியாது. அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கு வாய் வரவில்லை. லூர்து மாதா மாதம் மாத்திரை வாங்க வருகிறார். வருகிற திங்கட்கிழமை அந்த வரிசையில் போய் நிற்கப் போகிறேன். இந்த முறை எனக்கு அங்கே வாங்க மருந்து ஒன்றும் இல்லை.